ரிடையர் ஆன அப்பா, கையில எப்பவும் போன்: எங்க வீட்டு அனுபவம்

சின்ன பிள்ளைங்க போன் பாக்குறத பத்தி பேசாத ஆளே இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாது, அதுக்கும் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு வேண்டவே வேண்டாம்னு. ஸ்கூல் மீட்டிங்ல, டிவி விவாதத்துல எல்லாம் இதே பேச்சுதான். ஆனா அறுபது வயசுல ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்து, காலைல கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி கண்ணு சொக்குற வரைக்கும் போனே கதின்னு உக்காந்திருக்க நம்ம அப்பா அம்மாவ பத்தி யாரும் பேசுறதில்ல. "பாவம், இத்தன வருஷம் உழைச்சாங்க, பாத்துட்டுப் போகட்டும்"னு விட்டுர்றோம். எங்க வீட்டுல நடந்தத எழுதுறேன், இதே நிலைமைல இருக்க யாருக்காவது உதவும்.

எங்க அப்பா கவர்மென்ட் பஸ் கண்டக்டர். மதுரை ஆரப்பாளையத்துல இருந்து தேனி போற வண்டிலதான் பெரும்பாலும் டூட்டி. செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டினு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் அவருக்கு ஆள் தெரியும். பூக்கூடையோட ஏறுற அம்மாவுக்கு எங்க இறங்கணும்னு கேக்காமயே டிக்கெட் கிழிப்பாரு, காலேஜ் பசங்க படில தொங்குனா ஒரு சத்தம் போட்டு உள்ள ஏத்துவாரு, சில்லறைக்கு சண்டை போட்டவர்கிட்டயே இறங்குறப்ப குடும்பத்த விசாரிப்பாரு. ஒரு நாளைக்கு எத்தன நூறு பேர்கிட்ட பேசிருப்பாருனு கணக்கே கிடையாது. 2021ல கவர்மென்ட் ரிடையர்மென்ட் வயச 60 ஆக்குனதால இன்னும் ஒரு வருஷம் டூட்டி பாத்தாரு, அதுக்கப்புறம் ஒரு மாலை, ஒரு சால்வை, டெப்போ வாசல்ல ஒரு போட்டோ, அவ்வளவுதான், மறுநாள் காலைல இருந்து வீடு. நாள் பூரா ஜனங்களுக்கு நடுவுல நின்ன மனுஷனுக்கு பேச்சுத்துணைக்கு அம்மா ஒருத்தி மட்டும்.

ஆரம்பத்துல ஒண்ணும் தெரியல. காலைல டீக்கடை, பேப்பர், சாயங்காலம் பழைய டெப்போ ஆளுங்களோட அரட்டைனுதான் போச்சு. தம்பி புது போன் வாங்கிட்டு அவன் பழச அப்பாவுக்கு குடுத்தான், பழைய பாட்டு, பக்திப் பேச்சு, கொஞ்சம் அரசியல்னு பாத்துட்டு இருந்தாரு. அதுக்கப்புறம்தான் அந்த சின்ன சின்ன வீடியோ வந்துச்சு. விரல வச்சு தள்ளுனா அடுத்தது, தள்ளுனா அடுத்தது. டீக்கடைக்குப் போறது கொறைஞ்சுச்சு. பேப்பர நிறுத்தச் சொல்லிட்டாரு. அரட்டைக்கு கூப்பிட்டு யாராவது போன் பண்ணா "உடம்பு ஒரு மாதிரி இருக்குய்யா"னு வச்சுருவாரு. நான் ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கேன், தினமும் எட்டிப் பாப்பேன், முன்னாடியெல்லாம் நான் வாசல் கேட்ட தொறக்குற சத்தத்துக்கே "வா பாப்பா"னு குரல் வரும், அது நின்னு போச்சு, பக்கத்துல போயி நின்னாதான் நிமிந்து பாப்பாரு.

அம்மாதான் முதல்ல கவனிச்சாங்க. "உங்கப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லடி, ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா போனத்தான் தேடுறாரு"ன்னாங்க. அதோட கோவம் வேற. சாதாரணமா ஏதாவது கேட்டாக்கூட எரிஞ்சு விழுறது. அதவிட மோசம் பயம். கிட்னி பத்தி ஒரு வீடியோ பாத்தா அடுத்து பூரா கிட்னிதான் வரும், சக்கரைக்கு என்னமோ வேர்னு ஒண்ணு பாத்தா மாத்திரைய நிறுத்துங்கனு சொல்ற ஆளுங்க வரிசையா வருவாங்க. என் பையன் பக்கத்துக் கடைக்கு தனியா போறதுக்குக்கூட அப்பா விடமாட்டாரு, புள்ள புடிக்கிறவன் சுத்துறான்னு வாட்ஸப்ல வந்துருச்சாம். இந்த புள்ள புடிக்கிற வதந்திய சாதாரணமா எடுத்துக்கக் கூடாதுங்க. 2018ல திருவண்ணாமலை பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்த, குழந்தைக்கு சாக்லேட் குடுத்தாங்கனு சந்தேகப்பட்டு ஊரே சேந்து அடிச்சதுல வயசான ஒரு அம்மா செத்தே போனாங்க. அந்த மாதிரி சம்பவங்களுக்கு அப்புறம்தான் அந்த வருஷமே இந்தியாவுல ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல பார்வர்ட் பண்ண முடியாதபடி வாட்ஸப் மாத்துனாங்க. அப்படியும் வர்றது வந்துக்கிட்டேதான் இருக்கு, நம்ம வீட்டுப் பெரியவங்க அத நம்பி உள்ளுக்குள்ள நடுங்கிட்டேதான் இருக்காங்க.

இது ஏன் இப்படி புடிச்சு இழுக்குதுனு நானா கொஞ்சம் படிச்சேன். முன்னாடி ஒரு பக்கம் முடிஞ்சா முடிஞ்சதுதான், அடுத்த பக்கத்துக்கு நாமதான் பட்டன அமுக்கணும். முடிவே இல்லாம கீழ போய்க்கிட்டே இருக்க மாதிரி 2006ல வடிவமைச்சவரு ஆசா ராஸ்கின்னு ஒரு டிசைனர், பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டு பேசியிருக்காரு. நிறுத்துறதுக்கு ஒரு இடம் இருந்தாதான மனுஷன் நிறுத்துவான்? அடுத்தது, தள்ளுற ஒவ்வொரு தடவையும் நல்ல வீடியோ வராது, எப்ப வரும்னும் தெரியாது. ஸ்கின்னர்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் புறாவ வச்சும் எலிய வச்சும் எப்பவோ இத கண்டுபிடிச்சுட்டாரு, ஒவ்வொரு தடவையும் தீனி கிடைச்சா பசி தீந்ததும் போயிரும், எப்ப கிடைக்கும்னே தெரியாதப்பதான் விடாம கொத்திக்கிட்டே இருக்கும். இந்தியாவுல 2020 ஜூன் கடைசில டிக்டாக்க தடை பண்ணாங்க, அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துச்சு, செப்டம்பர்ல யூட்யூப் ஷார்ட்ஸ முதல்ல இந்தியாவுலதான் விட்டாங்க. அதுவரைக்கும் டிக்டாக்னா என்னனே தெரியாத பெரியவங்க கைல, அவங்க பாட்டு கேக்குற அதே யூட்யூப்புக்குள்ளயே இது வந்து உக்காந்துக்கிச்சு. அதனால "உங்களுக்கு மனசுல உறுதி இல்ல"னு பெரியவங்கள திட்டுறது நியாயமே இல்ல.

தம்பிக்கு வந்த முதல் யோசனை வைஃபைய கட் பண்றது. அம்மா ஒத்துக்கல. "அதையும் புடுங்கிட்டா அந்த மனுஷன் செவத்தப் பாத்துட்டுதான உக்காந்திருக்கணும்"னு கேட்டாங்க. எங்க வீட்டுல யாரு பேசுனதுலயும் எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் ரொம்ப சரியா பட்டுச்சு. போன் வந்து அப்பாவ கெடுக்கல, வெறுமையா இருந்த எடத்துல போன் வந்து உக்காந்துச்சு. அந்த வெறுமை எதனால வந்துச்சுனு தெரியாம போன புடுங்கி என்ன ஆகப் போகுது?

அந்த காரணம் தெரிஞ்சது சக்கரை டாக்டர்கிட்ட. சக்கரை ஏறியிருக்குனு பாத்துட்டு தூக்கம் எப்படினு கேட்டாரு, அம்மா போன் கதைய பூரா சொல்லிட்டாங்க. அவரு எத்தன மணி நேரம் பாக்குறாருனு கேக்கல, "முன்னாடி செஞ்சுட்டு இருந்த என்னென்னத்த இப்ப விட்டுட்டாரு?"னு கேட்டாரு. டீக்கடை, பேப்பர், டெப்போ ஆளுங்க, கல்யாணம் காச்சினு நாங்க வரிசையா சொல்லச் சொல்ல அவரு அப்பாவ பாத்து ஏதோ கேட்டாரு, அப்பா "ம்ம் ஆமாங்க"னு சம்பந்தமில்லாம பதில் சொன்னாரு. டாக்டர் கேஸ் சீட்ட தூக்கி தன்னோட வாய மறைச்சுக்கிட்டு இன்னொரு தடவ சாதாரண குரல்ல கேட்டாரு, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" அப்பா எங்க மூஞ்ச மாறி மாறி பாத்தாரு, பதில் வரல. டாக்டர் பேப்பர எறக்கிட்டு "முதல்ல காத டெஸ்ட் பண்ணிட்டு வாங்க"ன்னாரு.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல இஎன்டி பிரிவுலயே இந்த டெஸ்ட் பண்ணுவாங்க. சத்தம் வராத சின்ன ரூம்ல உக்கார வச்சு ஹெட்போன் மாட்டி, கீச்சுனும் தாழ்ந்தும் சத்தம் குடுப்பாங்க, கேட்டா பட்டன அமுக்கணும். அப்பாவுக்கு தாழ்ந்த சத்தம் நல்லா கேக்குது, கீச்சு சத்தம் ரெண்டு காதுலயும் ரொம்ப கொறைஞ்சிருந்துச்சு. வருஷக்கணக்கா இஞ்சின் சத்தத்துலயும் ஹாரன் சத்தத்துலயும் நின்னவங்களுக்கு வயசும் சேந்துக்கிட்டா இப்படித்தான் ஆகும்னு டெஸ்ட் எடுத்தவங்க சொன்னாங்க. இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது. இப்படி இருக்கவங்களுக்கு குரல் கேக்கும், வார்த்தைதான் புரியாது. ஸ, ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் மங்கிப் போயிரும். பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும் கஷ்டம், அதுலயும் நாலு பேரு ஒண்ணா பேசுற எடத்துல ஒண்ணுமே வெளங்காது.

இப்ப எல்லாத்தையும் சேத்துப் பாருங்க. டீக்கடைல பத்து பேரு பேசுறாங்க, ஒருத்தர் ஏதோ சொல்லி எல்லாரும் சிரிக்கிறாங்க, இவருக்கு என்னனு தெரியாது, ஒவ்வொரு தடவையும் "என்னய்யா சொன்ன"னு கேக்க கூச்சம். மண்டபத்துல மைக் செட்டு சத்தத்துல ஒண்ணும் புரியாது. அம்மா அடுப்படில இருந்து சொல்றது கேக்காது, திருப்பித் திருப்பி சொல்லி அம்மாவுக்கு சலிப்பு வரும், அந்த சலிப்புக்கு இவருக்கு கோவம் வரும். பேரன் வேகமா பேசுறது புரியாது. போன் மட்டும்தான் எவ்வளவு வேணும்னாலும் சத்தம் வச்சுக்கலாம், காதுகிட்ட வச்சுக்கலாம், புரியலனா திருப்பி ஓட விடலாம், அது மூஞ்ச சுளிக்காது. நாள் பூரா பேசியே வாழ்ந்த ஒரு கண்டக்டர் பேச்சு இருக்க எடத்துக்கே போகாம ஒதுங்குனதுக்கு காரணம் இதுதான். அன்னைக்கு ஆட்டோல வர்றப்ப அப்பா எங்கிட்ட சொன்னாரு, "கூட்டத்துல உக்காந்திருந்தாலும் ஒத்தையில இருக்க மாதிரிதான் பாப்பா இருக்கு, அதுக்கு வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

லான்செட் கமிஷன்னு மருத்துவ உலகத்துல ஒரு பெரிய குழு இருக்கு, 2024ல அவங்க மறதி நோய்க்கான காரணங்கள்ல நாம சரி பண்ணக்கூடியதுனு 14 விஷயத்த பட்டியல் போட்டாங்க. அதுல காது கேளாமையும் இருக்கு, மனச்சோர்வும் இருக்கு, யாரோடயும் பழகாம தனிச்சிருக்கிறதும் இருக்கு. எங்க அப்பா விஷயத்துல மூணும் ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு வந்திருக்கு. டாக்டர் சொல்லி மனநல டாக்டரையும் பாத்தோம், தைராய்டும் வைட்டமின் பி12ம் டெஸ்ட் எடுத்தாங்க, ஏன்னா அதுல கோளாறு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வருமாம். லேசான மனச்சோர்வுன்னாங்க. மனநல டாக்டர்கிட்ட போறதுக்கு அப்பா ஒண்ணும் மறுப்பு சொல்லல, அவருகூட வேல பாத்த டிரைவர் ஒருத்தர் முன்னாடியே போயி குணமானது அவருக்குத் தெரியும்.

காது மெஷின் வாங்குனோம். விலை சில ஆயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்த தாண்டிப் போகுது, டெஸ்ட் ரிப்போர்ட்ட காட்டி, போட்டுப் பாத்து, காதுக்கு ஏத்த மாதிரி அளவு வச்சுக் குடுக்குற எடத்துல வாங்குங்க, ஆன்லைன்ல சும்மா சத்தத்த மட்டும் கூட்டுற பொருள வாங்கி மாட்டாதீங்க. மாட்டுன உடனே எல்லாம் சரியாகாது, இத யாராவது முன்னாடியே சொல்லிரணும், இல்லனா கழட்டி டப்பால போட்டுருவாங்க. முதல்ல பாத்திரம் வைக்கிற சத்தம் மண்டைல அடிக்குதும்பாங்க, பேன் சத்தம் தொல்லையா இருக்கும், வீட்டுக்குள்ள அமைதியான நேரத்துல கொஞ்ச நேரம் போட்டு பழகி அப்புறம்தான் வெளிய போகணும். நாமளும் மாறணும். பின்னாடி நின்னு கத்துறது சுத்தமா வேஸ்ட், கத்துனா வார்த்தை இன்னும் உடைஞ்சுதான் கேக்கும். முன்னாடி போயி மூஞ்சப் பாத்து, டிவிய அமத்திட்டு, நிதானமா பேசுனா போதும்.

போன்ல என்ன செஞ்சோம்னா, எல்லாத்தையும் அப்பாவ பக்கத்துல வச்சுக்கிட்டு அவருகிட்ட கேட்டுக் கேட்டுதான் செஞ்சோம். யூட்யூப் செட்டிங்ஸ்ல வாட்ச் ஹிஸ்டரினு இருக்கும், பழசெல்லாம் அழிச்சுட்டு அத ஆஃப் பண்ணிட்டா முகப்பு பக்கமே காலியா ஆயிரும், என்ன வேணுமோ அத தேடித்தான் பாக்கணும். எங்க வீட்டுல பெரிய மாத்தம் இதுலதான் வந்துச்சு. கிட்னி வீடியோ, வேர் வைத்தியம், பயமுறுத்துற நியூஸ் எல்லாம் தானா வந்து நிக்கிறது நின்னுச்சு, அவருக்கு பிடிச்ச பாட்ட அவரே பேசித் தேடி கேக்குறாரு, மைக் குறிய அமுக்கி பேசுனா போதும், டைப் பண்ண வேண்டாம். வாட்ஸப்ல குடும்ப குரூப்பும் டெப்போ குரூப்பும் தவிர மத்தத மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போட்டாச்சு, வீடியோ தானா டவுன்லோடு ஆகுறதையும் நிறுத்தியாச்சு. நோட்டிபிகேஷன்ல போன் கால், வாட்ஸப், பேங்க் மெசேஜ் மட்டும்தான் சத்தம் குடுக்கும். ஆண்ட்ராய்டு போன்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு செட்டிங்ஸ்க்குள்ளயே இருக்கு, எந்த ஆப்ப எவ்வளவு நேரம் பாத்தோம்னு காட்டும், ராத்திரி இத்தன மணிக்கு மேல ஸ்கிரீன் கருப்பு வெள்ளையா மாறணும்னும் வைக்கலாம். கலர் போயிட்டா வீடியோ பாக்குற ஆசையே பாதி போயிருது, உண்மையிலேயே.

ராத்திரி போன படுக்கைல இருந்து எடுக்குறதுதான் ரொம்ப இழுத்துச்சு. வீம்புனு நெனச்சோம், அம்மாதான் பொறுமையா கேட்டு சொன்னாங்க, ராத்திரி பாத்ரூம் போக அவருக்கு போன்லதான் டார்ச், மணி பாக்குறதும் அதுலதான். அதுக்காக கைல எடுக்குறப்பதான் ஒரு வீடியோ, அப்புறம் இன்னொண்ணு, விடிஞ்சுரும். ஒரு சின்ன டார்ச்சும், நம்பர் இருட்டுல தெரியிற ஒரு கடிகாரமும் வாங்கி தலமாட்டுல வச்சோம், பாத்ரூம் போற வழில ஒரு நைட் லேம்ப் போட்டோம், சார்ஜர அடுப்படி மேடைக்கு மாத்துனோம். தூக்கம் சரியானது அதுக்கப்புறம்தான். ஸ்கிரீன் வெளிச்சம் தூக்கத்த தள்ளிப்போடும்ங்கிறது உண்மைதான், ஆனா எங்க அப்பா விஷயத்துல வெளிச்சத்த விட அந்த நேரத்துல அவரு பாத்த பயமுறுத்துற விஷயங்கதான் தூக்கத்த கெடுத்துச்சுனு நான் நெனைக்கிறேன்.

இதெல்லாம் செஞ்சும் அந்த நேரத்துக்கு வேற ஏதாவது இல்லனா நிக்காது. "வாக்கிங் போங்கப்பா"னு சொல்றது எல்லாம் சும்மா, யாரு போவா? அவருக்கு வேண்டியது ஜனம். டெப்போ ஆளு ஒருத்தர்கிட்ட காது விஷயத்த நானே போயி சொன்னேன், அவரு கேட்டதும் "அடப்பாவி, நாங்க இவன் எங்கள மதிக்கலனுல்ல நெனச்சோம்"னு வருத்தப்பட்டாரு. இப்ப அவங்க கடைக்கு உள்ள சத்தத்துல உக்காராம வெளிய வேப்பமரத்தடி பெஞ்சுல நாலு பேரா உக்காருறாங்க. பென்ஷன் சங்க கூட்டத்துக்கும் போறாரு, முன்வரிசைல உக்காந்துக்குவாரு. தெருவுல வயசானவங்களுக்கு ஈபி பில்லு, கேஸ் புக்கிங் எல்லாம் போன்ல போட்டுக் குடுக்குறாரு, சில்லறை கணக்குல ஒரு ரூவா பிசகாது. பேரனுக்கு சாயங்காலம் மனக்கணக்கு. ஏழு டிக்கெட், ஒவ்வொண்ணும் இருபத்தாறு ரூவா, இருநூறு ரூவா நோட்டு குடுத்தா மீதி எவ்வளவுனு கேப்பாரு, அவன் விரல மடக்குறதுக்குள்ள தாத்தா பதினெட்டுனு சொல்லிருவாரு. அவன் இப்ப அத ஜெயிக்கணும்னே அவன் டேப்லெட்ட வச்சுட்டு ஓடுறான்.

சாப்பிடுறப்ப வீட்டுல யாரு கையிலயும் போன் இருக்கக் கூடாதுனு வச்சிருக்கோம். பெரியவங்களுக்கு மட்டும் சட்டம் போட்டுட்டு நாம ரீல்ஸ் பாத்தா அவங்க ஏன் கேக்கணும்? தம்பி சென்னைல இருக்கான், அவன் தினமும் குட்மார்னிங் படம் அனுப்புறத நிறுத்திட்டு வீடியோ கால்ல பேசுறான், மூஞ்சியும் உதடும் தெரியிறதால அப்பாவுக்கு சாதாரண காலவிட அது நல்லா புரியுது.

எல்லாம் சரியாயிருச்சானு கேட்டா, இல்ல. மழ நாள்ல வெளிய போக முடியாம இருந்தா போன் நேரம் ஏறும். ஐபிஎல் சீசன்ல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா அத டிவில போட்டு அம்மா கூட உக்காந்து பாக்குறாரு, அது எனக்கு பெரிய விஷயமா தெரியல. பழகுன ஒருத்தர் இறந்த செய்தி வந்துச்சுனா ரெண்டு மூணு நாள் திரும்ப ஒதுங்கிருவாரு, அப்ப நாங்க போன பத்தி பேசவே மாட்டோம், பக்கத்துல போயி உக்காந்துக்குவோம்.

உங்க வீட்டுலயும் இப்படி இருந்தா முதல்ல காது, கண்ணு ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. மூட்டு வலி இருக்கானும் பாருங்க, படி இறங்க முடியாதவங்களும் போன்லதான் போயி விழுவாங்க. பிடிச்ச எதுலயும் ஆசை இல்லாம, சாப்பாடு தூக்கம் கெட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல அப்படியே இருந்தா டாக்டர பாத்துருங்க. யாருகிட்ட கேக்குறதுனு தெரியலனா மனநல உதவிக்கு 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க. பெங்களூர்ல இருக்க நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில போன், இன்டர்நெட் பழக்கத்துக்குனே 2014ல இருந்து ஷட் கிளினிக் இருக்கு, ரொம்ப முத்துன நிலைமைனா அங்கயும் கேக்கலாம்.

இன்னொண்ணு, போன் மாத்துறப்ப வேற ஜிமெயில்ல லாகின் பண்ணா அந்த யூட்யூப் ஹிஸ்டரி திரும்ப ஆன் ஆகியிருக்கானு ஒரு தடவ பாத்துருங்க. எங்க வீட்டுல புது போன் வந்தப்ப அப்படித்தான் ஆகியிருந்துச்சு, முகப்புல திரும்ப கிட்னி வீடியோ வந்து நின்னத பாத்துட்டு அப்பாவே எனக்கு போன் பண்ணி "அத எங்க ஆஃப் பண்ணணும் பாப்பா"னு கேட்டாரு.